டப்ளினில் நான் விட்டது

இன்று காலை அடுப்பு லைட்டர் மக்கர் செய்தது. மனைவி அலமாரியைக் குடைந்து, நீ வியன்னாவில் எனக்கு வாங்கிக் கொடுத்த சிகரெட் லைட்டரை எடுத்து வந்தாள். ஒரே சொடுக்கில் பற்றிக்கொண்டது. பால் பொங்கும்வரை அடுப்படியிலேயே நின்றிருந்தேன். உன் நினைப்புதான்.

சேலத்தில் ஒன்றாகப் படித்தோம், ஒரே கம்பெனியில் சேர்ந்தோம், ஒரே சமயத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஜெர்மன் படிக்கச் சோம்பல்பட்டு நான் டப்ளினைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மிச்சமிருந்த வியன்னா உனக்கு வந்தது. நீ ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

டப்ளினில் அதற்கு முன்பே, கடைகளுக்குள் புகைபிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் மதுக்கடைக்குள் எதிரே உட்கார்ந்தவர் முகம்கூடத் தெரியாதாம், அவ்வளவு புகையாம். உடன் வேலை பார்த்த பெரியவர் சொல்வார். நான் பார்த்ததெல்லாம் வாசலில் நனைந்துகொண்டு ஊதுகிறவர்களைத்தான். மழை, குளிர், பாக்கெட் விலை எல்லாம் சேர்ந்து இரண்டாவது குளிர்காலத்தில் என்னைச் சிகரெட்டை விட வைத்துவிட்டன. மனவுறுதி என்று மார்தட்ட அதில் ஒன்றுமில்லை.

அடுத்த கோடையில் உன்னைப் பார்க்க வந்தேன். காபிக் கடைக்குள் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்திலேயே சாம்பல் கிண்ணம். தெருமுனையில் சிகரெட் விற்க ஒரு இயந்திரம். “நம்மூரு டீக்கடையாட்டவே இருக்குதுடா, நாற்காலிதான் நெம்ப ஒசத்தி” என்று சிரித்தபடி பாக்கெட்டை நீட்டினாய். நான் எடுத்துக்கொண்டேன்.

விட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து தம் இல்லாமல் நாம் எதைப் பேசியிருக்கிறோம்? சொன்னால் பெரிய யோக்கியன் ஆகிவிட்டான் என்று நீ நினைப்பாயோ என்று கூச்சம். லீவில் வரும்போதெல்லாம் சேலம் அஸ்தம்பட்டி டீக்கடையில் உன் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து, இழுக்காமல் கையிலேயே எரிய விடுவேன். நீ கவனித்ததே இல்லை.

அப்படி ஒரு லீவில் நாமக்கல்லில் உன் வீட்டுக்கு வந்த ஒருநாள் உன் மனைவி உன்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார், புள்ளைங்களுக்காகவாவது விட்டுவிடுங்கள் என்று. நீ என்னைக் கைகாட்டினாய். “அத்தன சட்டம் போட்ட ஊருல இருக்கறவன், அவனாலயே உட முடியல. என்னைய உடச் சொல்றயா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து கையிலிருந்த சிகரெட்டின் சாம்பலைத் தட்டினேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிறகு ஆஸ்பத்திரி. பேசவே மூச்சு வாங்கிய நிலையிலும் உனக்கு என் கவலைதான். “நீயும் ஒருக்காப் படம் எடுத்துப் பாத்துரு சாமி. என்னாட்டவே ஊதுனவன் நீ.”

எடுத்தேன். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. வந்து சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். “அப்பாடா, ஒருத்தனாச்சும் தப்பிச்சோம்.” அப்படி ஒரு சந்தோஷம் உன் முகத்தில். அந்த முகத்திடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

போன வருடம் வேலையாக வியன்னா போனேன். அதே காபிக் கடை. மேசைகளில் சாம்பல் கிண்ணம் இல்லை, அங்கேயும் தடை வந்துவிட்டது. புகைக்கிறவர்கள் கோட்டை இறுக்கிக்கொண்டு வெளியே நின்றார்கள், டப்ளினில் அன்று நான் நின்ற மாதிரியே. இந்தச் சட்டம் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று அந்த ஊர்மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. நீ ஊர் பேச்சைக் கேட்கிறவன் அல்ல, நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாய்.

உன் மனைவி இப்போதும் அவ்வப்போது போன் செய்கிறார். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன் தவறாமல் கேட்பார்.

“அந்தச் சனியன இப்பவாச்சும் உட்டுட்டீங்களாங்கண்ணா?”

“உட்டுட்டேம்மா.”

“அவர் போயித்தான் உங்களுக்குப் புத்தி வந்துச்சுன்னு நெனச்சுக்கறேன். அந்தமட்டுக்காவது ஆச்சுங்களே” என்பார். நான் சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.