யாருடன் சாப்பிட்டீர்கள்?

ஜூன் 2, திங்கள்

வேலைக்குப் போகும் பெண்களுக்கான மத்தியான ஆங்கில வகுப்பு. வழக்கம்போல ஜோடிப் பேச்சில் ஆரம்பித்தேன். முதல் நாளிலிருந்து பலகையில் ஒரே வாக்கியம்தான், ஆங்கிலத்தில்: நேற்று இரவு நான் இன்னது சாப்பிட்டேன், இன்னாருடன். இரண்டு காலியிடத்தையும் நிரப்பிச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் 'நீங்க?' என்று கேட்க வேண்டும். கூச்சம் போக நல்ல வழி.

தையல்காரம்மாவுக்கு ஜோடி இல்லை. அதனால் நான்தான் ஜோடி. ரொட்டி, என் வீட்டுக்காரருடன் என்றேன். நீங்க? சிரித்தார். சேர்ந்ததிலிருந்து இந்தச் சிரிப்புதான், ஒரு சொல் கிடையாது.

ஜூன் 4

இன்றும் 'வீட்டுக்காரருடன்' என்றேன். அந்த மனுஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. வகுப்பில் மட்டும் இன்னும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். வெட்கமாக இல்லையா எனக்கு?

ஜூன் 9

நிர்வாகி அம்மா கூப்பிட்டார். வியாழக்கிழமை பேச்சுத் தேர்வு. தையல்காரம்மா வாய் திறக்காவிட்டால் வகுப்பில் அவர் இடம் வேறொருவருக்காம். பாவம், ஆங்கிலம் பேசினால்தான் அவர் வேலை செய்யும் தையல் கடையில் முன்பக்கம் நிற்கலாம், இல்லாவிட்டால் கடைசிவரை பின்கட்டு மெஷின்தான். முதலில் காதில் விழட்டும், பேச்சு தானாக வரும் என்று மல்லுக்கட்டினேன். "உங்க பொறுமைக்கு ஒரு அளவு வேணாமா டீச்சர்?" என்றார்.

ஜூன் 10

வீட்டில் யாரோடும் பேசவில்லை. ரேடியோவைத் திட்டியது கணக்கில் வராது.

ஜூன் 11

'வீட்டுக்காரருடன்' என்று சொல்லப் போனேன், பாதியில் நிறுத்தினேன். அலோன் என்றேன். வகுப்பில் யாருக்கும் நான் சொல்லித்தராத சொல். "தனியான்னு அர்த்தம்மா," என்றேன்.

தையல்காரம்மா சிரிக்கவில்லை. "நானும்தான் டீச்சர். எல்லாரும் புருஷன், பிள்ளைங்கன்னு சொல்றாங்க. நான் யாரைச் சொல்றது? அதான் வாயே வரல."

ஐயோ. அவர் வாயை அடைத்தது என் வாக்கியம்தானா? யாருடன், யாருடன் என்று தினமும் கேட்டு — அதுவும் இல்லாத ஆளை நான் சொல்லிக்கொண்டு! கூச்சம் போக நல்ல வழியாம். என் தலை.

ஜூன் 12, வியாழன்

தேர்வு. நிர்வாகி அம்மா பேனாவும் கையுமாக எதிரே. தையல்காரம்மா எழுந்து, சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: நேற்று இரவு ரொட்டி சாப்பிட்டேன், அலோன். என் பக்கம் திரும்பி, நீங்க?

அலோன் என்றேன். எல்லோர் முன்னாலும்.

தேர்வு அதோடு முடிந்தது. அவர் உட்காரவில்லை. "டீச்சர், டுடே, மை ஹவுஸ். கம்," என்றார்.

இது பாடத்திலேயே இல்லையே என்றார் நிர்வாகி அம்மா. இல்லைதான் என்றேன். அவர் தேர்ச்சி என்று எழுதிக்கொண்டார்.

ஜூன் 13

இன்றும் பலகையில் அதே வாக்கியம். முதலில் நானே நிரப்பினேன்: முட்டை, தையல்காரம்மாவுடன்.

உப்பு கொஞ்சம் தூக்கல். அதை மட்டும் சொல்லவில்லை.