நீ வெல்டிங் வைத்த குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை

அன்பு மகளுக்கு, வாகன உலகத்தின் முடிசூடாச் சக்கரவர்த்தியான உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் காரும் சௌக்கியம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு இளைக்காமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பக்கத்து வீட்டு வாத்தியார் மறுபடியும் மாடி எழுப்புகிறார், அந்தச் சத்தத்தில் பூமியே கொஞ்சம் சாய்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. கார் சௌக்கியம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேனே, அதற்குப் பின்னால் ஒரு மகா யுத்தமே நடந்து முடிந்திருக்கிறது. உங்கப்பா இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார், அதனால் நான்தான் எழுதவேண்டியிருக்கிறது.

போன மாதம் உன் காரில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. பின்னால் கரும்புகை. எப்படிப்பட்ட புகை என்கிறாய், தெருவில் காயப்போட்ட வேட்டியெல்லாம் வக்கீல் அங்கியாகிவிட்டது. வருஷாந்தரப் புகைச் சோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் உங்கப்பாவும் டாக்டரிடம் கொண்டுபோனோம். ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் ஊன்றி மறுமுனையில் காதை வைத்து நாடி பார்ப்பாரே, அதே மெக்கானிக்தான். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சார் போச்சு என்றார். புகைக்குழாய்க்குள் மூக்கை நீட்டி, எரிந்த காற்றை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைச்சலா என்று இன்ஜினுக்குக் கோள் சொல்லும் சாமான் அதுதானே. புதுசு போட்டார், விளக்கு அணைந்தது, ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி எரிந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, சென்சார் மேல தப்பில்லண்ணே, உங்க பொண்ணு டர்போவுக்காக வெட்டி ஒட்டின குழாய்ல எங்கயோ காத்து கசியுது, அதுதான் சென்சாரைக் குழப்புது, டர்போ, குழாய் எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழசையே மாட்டிடலாம், இல்லன்னா சோதனையில தேறாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இன்ஜினுக்குக் காற்றை அதிகமாகத் திணித்து வேகம் கூட்டுமென்று நீ லீவு முழுக்க ஷெட்டில் புரண்டு கட்டின டர்போவை ஒரே மத்தியானத்தில் பிரித்துப்போடப் போகிறாராம். நல்ல காரைக் கெடுத்து வெச்சிருக்கா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்பின மனுஷனாயிற்றே உங்கப்பா, இதுதான் சாக்கென்று தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எம் பொண்ணு வெச்ச வெல்டிங் கசியாது, கசியுதுன்னா காட்டு, அப்புறம் கழட்டு என்றார். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று என் காதை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். டாக்டருக்கும் ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி, தூசி உறிஞ்சும் மெஷினை உங்கம்மாவிடம் கெஞ்சி வாங்கிவந்து, அது காற்றை வெளியே தள்ளும் பக்கத்தைத் துணி சுற்றிக் காரின் புகைக்குழாய் வாயில் சொருகினோம். உங்கப்பா தரையில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஒட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். கசிந்தால் அங்கே குமிழி கிளம்பும். டாக்டர் டார்ச் அடித்தார், நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒரு குமிழி இல்லை, மகளே! எறும்பு கொட்டாவி விட்டால் ஒன்று வருமே, அதுகூட இல்லை. டாக்டரும் குனிந்து தானே ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல வேலைதான் என்று முணுமுணுத்தார். உங்கப்பா படுத்தபடியே, கேக்கல, சத்தமா சொல்லு என்றார்.

அப்படியானால் சென்சார் ஏன் சாகிறது? கழற்றிப் பார்ப்போம் என்றால் அது சூட்டில் இறுகிக் கிடந்தது. இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, துருவுக்கு அடிக்கும் எண்ணெயை அடித்து, நான் ஸ்பானரில் தொங்கிய தொங்கலில்தான் அசைந்தது. முனை முழுக்க வெள்ளை வெளேரென்று பவுடர் பூசியிருந்தது. கரும்புகை விடுற வண்டியில இது கறுப்பால்ல இருக்கணும் என்று டாக்டர் யோசித்தார். பானெட்டுக்குள் டார்ச்சை விட்டார். இன்ஜின் தலையிலிருக்கும் வால்வு மூடியின் ஓரமெல்லாம், கேக்குக்குக் கிரீம் வைத்ததுபோல், சிலிக்கான் பசை. இத யாருய்யா வெச்சது என்றார். உங்கப்பா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். குளியலறைக் குழாய், ஜன்னல் ஓரம், என் செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அந்தப் பசை வைத்து அடைக்கிற மனுஷன், பிள்ளை காரில் எண்ணெய் வேர்க்கிறதே என்று பாசம் பொங்கி, வேர்த்தபோதெல்லாம் ஒரு பூச்சு பூசியிருக்கிறார். அதன் ஆவியை இன்ஜின் உள்ளே இழுத்து எரித்தால் சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து மூக்கை அடைத்துவிடுமாம், அது பெட்ரோல் குறைச்சல் என்றே பொய்க் கோள் சொல்ல, இன்ஜின் அள்ளி ஊற்றிக் கரும்புகை கக்குமாம். அந்தப் பசையை அவரே உட்கார்ந்து சொட்டு விடாமல் சுரண்டி எடுத்தார். மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமலிருக்கச் சரியான கேஸ்கெட் போட்டு, புது சென்சாரை முனையில் கைபடாமல் மாட்டினோம். கம்ப்யூட்டரில் செத்துப்போய்க் கிடந்த சென்சார் கோடு சடசடவென்று ஏறி இறங்க ஆரம்பித்தது, விளக்கும் அணைந்தது.

நேற்றுச் சோதனைக்குப் போனோம். அதிகாரி கருவியைக் குழாயில் விட்டுப் பார்த்துவிட்டு, தேறிடுச்சு என்றார். பானெட்டைத் திறந்தவர், எந்தக் கடையில பண்ணீங்க என்று கேட்டார். உங்கப்பா நெஞ்சை நிமிர்த்தி, கடையா, எம் பொண்ணு பண்ணினது சார், எங்க வீட்டு ஷெட்லயே என்றார். அந்த நெஞ்சு விரிந்த விரிவில் எதிர்ச் சுவர் தப்பியதே பெரிய விஷயம். சரி, மூடுங்க, அடுத்த வண்டி வரட்டும் என்றார் அதிகாரி. உங்கப்பா மூடினால்தானே! இருங்க சார், அந்த வெல்டிங்கை நீங்க சரியாப் பாக்கல, இப்படி வந்து பாருங்க என்று அவரைப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிவந்த பால் வண்டிக்காரரும் பார்க்கவேண்டியதாயிற்று, அவர் கிளீனரும் பார்த்தார். பாவம் அதிகாரி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொருதரம் குனிந்தார்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று உங்கம்மா வாழ்த்தச் சொன்னாள், என் பங்குக்கு ஓர் ஆயிரம் வருஷம் கூட்டிக்கொள். ராத்திரியில் கண் விழிக்காதே, தண்ணீர் நிறையக் குடி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த தடவை போன் பண்ணும்போது, டர்போ எப்படிப்பா வேலை செய்யுது என்று உங்கப்பாவைக் கேள். உனக்கே சொல்லிக்கொடுப்பார். குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
முதுகு பிடித்துக்கொண்டாலும் பெருமை குறையாத
உன் சித்தப்பா