தொப்பி போட்ட கள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் இங்கே மெட்ஸ்டிட்லானில் சுகம்.

நாங்கள் காவல் காக்கும் நரைமுடிக் கள்ளிகளில் உடம்பெல்லாம் வெள்ளை முடி தொங்க ஆளுயரத்தில் ஒன்று என் குடிசைக்கு எதிரே நிற்கிறது. போன வாரம் பொழுது சாயும் நேரம் அதன் தலையில் என் தொப்பியை மாட்டிவிட்டு ஆற்றில் குளிக்கப் போனேன். அப்போது பார்த்துக் கள்ளி திருடுகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

"ஐயோ, கிழவர் பாக்குறாருடா, ஓடு!" என்று ஒருவன் கத்தியது ஆறுவரை கேட்டது. நான் வந்து பார்த்தால் மண்வெட்டி மட்டும் கிடந்தது. பயப்படாதீர்கள்.

"இனி உன் சம்பளத்த அவருக்கே குடுத்துடலாம்ப்பா," என்கிறார் கூட்டாளி பிதென்சியோ.

தொப்பியை எடுக்க மனமில்லை. அப்பாவுடையதை அனுப்புங்கள், நீங்கள் போட்ட மிளகாய் ஊறுகாயும். சாயங்காலங்களில் கிழவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கேட்டுக்கொள்கிறார், உங்களைப் போலத் திட்டத்தான் தெரியவில்லை.

கடிதம் கொண்டுபோகும் லாரி புறப்படுகிறது.

உங்கள் மகன்,
எவரார்தோ