இடிக்கக் கூடாத வீடு

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. வாவி இருக்கிறதா என்றே தெரியவில்லை. முன்கதவுக்கு எண்ணெய் பூசும் வேலை. மனைவி பரமேஸின் உத்தரவு. வைகாசியில் மகள் ஜனனியின் கலியாணம். அது முடிந்ததும் முன்வீட்டை இடித்து இரண்டு தட்டு வீடு கட்ட வேண்டும், சம்பந்தியின் ஒரே நிபந்தனை அது. வீடு மகளுக்குச் சீதனம், நாங்கள் இருவரும் பின்வளவில் கிணற்றடி அறைக்கு. இடிக்கப்போகும் வீட்டின் கதவுக்கு ஏன் எண்ணெய்? கேட்கவில்லை. இந்த வீட்டில் கேள்வி கேட்கும் உரிமை எனக்குச் சீதனமாக எழுதப்படவில்லை.

எண்ணெய்த் துணியோடு நிற்கையில் ஒரு வான். மூன்று பேர். முகப்பு, தூண், கூரை, நான் என்று வரிசையாகப் படம் எடுத்தார்கள். ஒருவர் பலாப்பழம் வாங்குபவர் மாதிரிச் சுவரைத் தட்டிக் காது கொடுத்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். வான் நீலம், வெள்ளையில்லை. வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வராத ஊர் இது, நிறத்தைக் குறித்துவைப்பது நல்லது.

எதிர்வீட்டுக் கனகரெத்தினம், மதிலுக்கு மேலால்:

"ஆரு கா அது?"

"தெரியா."

"தெரியாவாம்! உங்கட வீட்டத்தானே படம் புடிச்சானுகள். எங்கட வீட்டையும் புடிச்சவனுகளா?"

"இல்ல."

முகத்தில் நிம்மதி. கொஞ்சம் பொறுத்து, கவலை.

"ஏனாம் புடிக்கல்ல?"

பெப்ரவரி 5, வியாழன்

தூறல். அறுவடைக்காரர் எல்லோரும் வானத்தைப் பார்த்துத் திட்டுகிறார்கள்.

வான் மர்மம் துலங்கியது. துலங்கியதாகச் சொல்லப்பட்டது. மாவட்டத்தில் உள்ள பழைய வீடு, நெற்களஞ்சியம், மடம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காப்பாற்ற ஒரு அரசாங்கக் குழுவாம். நிலானி என்ற பெண் வந்தாள். கட்டடக்கலை படித்தவள், இந்தப் பக்கத்துப் பிள்ளை. பட்டியலில் ஏறிய வீட்டை இடிக்க முடியாது, உருவத்தை மாற்றவும் முடியாது. உரிமையாளரின் சம்மதம் மட்டும் வேண்டும்.

"அங்கிள், நீங்கதானே உரிமையாளர்?"

"நான் இங்க மாப்பிள்ளையா வந்து ஏறின ஆள், புள்ள. வீடு அவட. அவட தாய்க்கும் இது சீதனம்."

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் அங்கிள். கொழும்பில இருந்து இருந்து மறந்து போச்சு."

ஒல்லாந்தர் காலத்து வீடா என்று ஆசையோடு கேட்டாள். இல்லை, தேங்காய் நல்ல விலை போன காலத்து வீடு என்றேன். வாடிப்போய், "ஒல்லாந்தர் பாணி" என்று எழுதிக்கொண்டாள்.

இத்தனை வீடு இருக்க எங்கள் வீடு அவர்கள் கண்ணில் எப்படிப் பட்டது? "தகவல் வந்தது" என்றாள். யாரிடமிருந்து? சிரித்தாள். படித்தவர்கள் சிரித்தால் நான் கேற்றைப் பூட்டிவிடுவது வழக்கம்.

சந்தேகத்துக்குரியோர்:
1. கனகரெத்தினம். எங்கள் வளவில் மாடி எழும்பினால் அவர் முற்றத்தில் வெயில் விழாது.
2. வாவிக்கரையில் வளவு தேடும் ஹோட்டல்காரர் எவராவது. முதலில் காப்பாற்றுவார்கள், பிறகு வாங்குவார்கள்.
3. மனைவியின் தம்பி தவராசா. காரணம் தெரியாது. ஆனால் தவராசா.

பெப்ரவரி 6, வெள்ளி

வெயில். பரமேஸ் விரதம். மரக்கறி மூன்று, பாயசம்.

கனகரெத்தினம் தன் வீட்டு முகப்புக்கு ஆள் வைத்துப் பச்சை வர்ணம் அடிக்கிறார். மரச் சன்னலைக் கழற்றி அலுமினியம் போடுகிறார். பட்டியலுக்குத் தப்புவதற்காம். கிளிப்பச்சை. தப்பிவிடுவார்.

பதினொரு மணிபோல ஓட்டமாவடிக் காசிம் நானா. பழைய மரம், ஓடு வாங்கி விற்பவர்.

"சேர், கதவ ஒருக்காப் பார்த்திட்டுப் போவமெண்டு."

"எந்தக் கதவ?"

"எல்லாத்தையும்தான். சன்னல், தூண், தீராந்தி. எல்லாம் பழைய முதிரை மரம்."

"நாங்க விக்கல்லயே நானா."

"இடிக்கிறண்டா விக்கத்தானே வேணும். அடுப்புக்கா வெக்கப் போறீங்க?"

"இடிக்கிறண்டு ஆர் சொன்ன?"

"உங்கட சம்பந்தி ஐயாதான். போன மாசமே பார்த்து வெக்கச் சொல்லிட்டாரே." என் முகத்தைப் பார்த்தார். "சேருக்குச் சொல்லல்லயா?" உண்மையான அனுதாபம். நான் நூலகராக இருந்த காலத்தில், நான்கு மாதம் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள்கூட என்னிடம் இவ்வளவு அனுதாபம் காட்டியதில்லை.

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு இரட்டிப்பு வேகத்தில் தொடங்கியது.

சந்தேகப் பட்டியலில் நான்காவதாகச் சம்பந்தியைச் சேர்த்தேன். உடனே வெட்டினேன். இடிக்க விரும்புகிறவர் காப்பாற்ற ஆள் அனுப்பமாட்டார். மீண்டும் சேர்த்தேன். அவர் கல்லாற்றுக்காரர், அந்த ஊரார் எதற்கும் இரண்டு கணக்கு வைத்திருப்பார்கள்.

பெப்ரவரி 8, ஞாயிறு

கரடியனாறு. பரமேஸின் வயல் வட்டையில் நெல் வெட்டும் மெசின் இறங்கியது. சேறு முழங்கால்வரை. நான் வரம்பில் நின்று மேற்பார்வை. அதாவது குடை பிடித்தேன்.

தவராசா நெருப்பாக நின்றான். களத்துமேட்டில் இருக்கும் பழைய நெற்களஞ்சியத்தையும் குழு படம் எடுத்துப் போயிருக்கிறது.

"இண்டைக்கு களஞ்சியத்துக்குப் பேர் போடுவானுகள். மறுகா போர்டு நடுவானுகள். மறுகா, வட்டையும் அவனுகளுக்கெண்டுவானுகள். நம்ம பார்க்காததா மச்சான்?"

நாலைந்து பேர் "ஓம், ஓம்" என்றார்கள். இதில் எனக்கு நையாண்டி வரவில்லை. காணியளக்க வந்தவன் காணியை எடுக்காமல் கும்பிட்டுவிட்டுப் போன சரித்திரம் இங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தி:

"உண்மையச் சொல்லுங்க மச்சான். நீங்கதானே கூட்டி வந்த?"

"நானா?"

"நீங்கதானே புத்தகம் படிக்கிற ஆள். பழசெண்டாப் புடிக்கும். அக்காட வீட்டில கடைசிவரைக்கும் சாய்மனைக் கதிரையில கால நீட்டிக்கிட்டு இருக்கலாமெண்டு பார்க்கிறீங்க."

நான் நால்வரைச் சந்தேகித்துக்கொண்டிருக்கையில் ஊர் முழுவதும் என்னைச் சந்தேகித்திருக்கிறது. சில நிமிடம் நானே யோசித்துப் பார்த்தேன். கனவில் எழுதி அனுப்பியிருப்பேனோ. ஐந்தாவதாக என் பெயரையும் பட்டியலில் சேர்த்தேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

மீன்: வாடிப்போன வாவி மீன், இரண்டாம் தரம். சொன்னால் பரமேஸ், "நீங்க போய் வாங்கினதுதானே."

நிலானி அளவெடுக்க வந்தாள். பரமேஸ் கோயிலுக்குப் போயிருந்தாள், ஜனனி வேலைக்கு. தேத்தண்ணி நானே போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்காக வைத்திருந்தாள்.

"அன்ரி நல்ல விளக்கமா எல்லாம் சொன்னவ அங்கிள். எந்தச் சுவர் சுண்ணாம்பு, எது சீமெந்து எண்டெல்லாம்."

"எப்ப?"

"முதல் போன் கதைக்கக்குள்ள. அவதானே எங்களுக்குப் படமெல்லாம் வட்ஸ்அப்பில அனுப்பின..." நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன். நாற்பது வருடம் நூல்நிலையத்தில் இருந்தவன். படிக்காத புத்தகத்தைப் படித்த முகம் எனக்குப் பழக்கம்.

அவள் போன பிறகு சந்தேகப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கனகரெத்தினம் முதல் நான் வரை எல்லோரும் இருக்கிறோம். வீட்டுக்காரியை ஒருவரும் சேர்க்கவில்லை.

பெப்ரவரி 11, புதன்

காற்று. முருங்கை முறிந்தது.

காலைச் சாப்பாட்டில், இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டு, "குழுவுக்கு ஆரோ படம் அனுப்பியிருக்கிறாங்களாம்" என்றேன்.

"ஓம். நான்தான்."

அவள் மறுப்பாள் என்று ஆயத்தமாகி வந்திருந்தேன்.

"கலியாணப் பேச்சில ஓம் எண்டு சொன்னியே?"

"சொன்னன். கதவெல்லாம் விலை பேசிறதுக்கும் ஓம் எண்டு சொன்னனா?"

"நீ அனுப்பின பிறகுதானே காசிம் நானா வந்த?"

"சம்பந்தி மனிசன் கலியாணப் பேச்சுக்கு முதல்நாள் வந்து கதவு நிலையத் தொட்டுப் பார்த்த பார்வை காணாதா எனக்கு."

கறியை இன்னும் ஊற்றினாள். கேட்காமலே. அது பேச்சு முடிந்ததன் அடையாளம் என்று நினைத்தேன், முடியவில்லை.

"இஞ்ச பாருங்க. நீங்க ஒரு பெட்டியோட இந்த வீட்டுக்கு வந்தீங்க. அதே பெட்டியோட பின்வளவு அறைக்கும் வருவீங்க. ரெண்டு புத்தகம் கிடைச்சா உங்களுக்குக் காணும். நான் அந்த நடு அறையில பிறந்த. அதுலதான் ஜனனிய பெத்த. ஒரு நாளும் வேற அறையில படுத்ததில்ல. வீட்ட மகளுக்குக் குடுக்கத்தான் வேணும், அது முறை. ஆனா அரசாங்கம் எடுத்த வீட்ட ஒருத்தருக்கும் குடுக்கேலாதுதானே. இருக்கிற ஆள் இருந்துதானே ஆகோணும்."

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு வீடு மாறுவது ஆண்கள் என்றே இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். அதில் ஒரு சின்னப் பெருமையும்கூட, அகதி மாதிரி. பெண்களுக்கும் ஒரு மாற்றம் உண்டு. இருபத்தைந்தில் நாங்கள் மாறுகிறோம். அறுபதில் அவர்கள், முன்வீட்டிலிருந்து கிணற்றடிக்கு. நாற்பது அடி. யாரும் அதற்கு மேளம் அடிப்பதில்லை.

அவள் சட்டத்தைப் பிழையாக விளங்கியிருக்கிறாள் என்று சந்தேகம். சொல்லவில்லை.

பெப்ரவரி 13, வெள்ளி

வெயில் திரும்பிவிட்டது.

கையெழுத்து நாள். நிலானி, சுவர் தட்டிய கொழும்பு மனிதர், ஜனனி அரைநாள் லீவில். கொழும்பு மனிதர் பேனையை என்னிடம் நீட்டினார். நான் பரமேஸிடம் நீட்டினேன். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு பரமேஸ்:

"ஒண்டு கேக்கட்டா மகள். இதுல கையெழுத்து வெச்சா, வீட்ட மறுகா ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கேலாதுதானே?"

"அப்பிடியில்ல அன்ரி! தாராளமாக் குடுக்கலாம். சீதனம் குடுக்கலாம், விக்கலாம். எங்களுக்குக் கட்டடம்தான். அதுல ஆர் இருந்தா என்ன."

பரமேஸ் பேனையை மூடினாள். தொலைபேசிக் கட்டணம் கட்டியவள் மாதிரிச் சாதாரணமாக முந்தானையைச் சரிசெய்தாள். கையெழுத்து வைத்தால் வீடு நிற்கும், அவள் கிணற்றடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வைக்காவிட்டால் வீடும் இல்லை. இரண்டிலும் அவள் கிணற்றடி. கொழும்பு மனிதர் தூணின் அழகைப் பற்றி ஏதோ சொன்னார்.

ஜனனி, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்:

"வைங்கம்மா. முன்வீடு எனக்கு வேணாம். பின்வளவ எழுதித் தாங்க. நானும் ரமணனும் அதுல கட்டிக்கொள்ளுறம்."

"பொண்ணு பின்னுக்குப் போறதா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க நடு அறையில படுத்துக்கிட்டு அவங்க சிரிக்கிறதக் கேளுங்க."

பரமேஸ் கையெழுத்து வைத்தாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. பிறகு, "கண்ணுக்குள்ள தூசி" என்று குசினிக்குள் போனாள். அரை மணி நேரத் தூசி.

பெப்ரவரி 14, சனி

சம்பந்தி தொலைபேசியில். ஸ்பீக்கரைப் போடத் தேவையில்லை, கனகரெத்தினத்துக்கும் கேட்டிருக்கும். முன்வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளையும் இல்லையாம். பின்னுக்கு ரமணனின் குரல்: "அப்பா, கலியாணம் முடிக்கிறது நான். எனக்குக் கதவயா கட்டிவெக்கப் போறீங்க?" இணைப்புத் துண்டிக்கப்பட்டது. மாலையில் சம்பந்தி மறுபடி எடுத்து, வைகாசியில் எந்த நாள் வசதி என்று விசாரித்தார்.

எல்லாம் சுபம். எனக்குத்தான் நித்திரை வரவில்லை. ஜனனி முன்வீட்டை விட்டது போல, இவ்வளவு இலேசாக ஒருவர் எதையும் விட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

ரமணன் வந்திருந்தான். பின்வளவில் ஆப்பு அடித்துக் கயிறு பிடிக்கிறார்கள். வீட்டு வரைபடம் காட்டினான். இரண்டு தட்டு. எல்லாச் சன்னலும் வாவிப் பக்கம். முன்வீட்டில் இல்லாத காற்று, இல்லாத காட்சி. அந்தப் பக்கத்துக்குக் குழுவின் சட்டம் ஒன்றும் இல்லை.

"எப்ப கீறினது மகன்?"

"பொங்கலுக்கு முதலே மாமா."

சம்பந்தி கதவு விலை பேசுவதற்கு முதல். வான் வருவதற்கு முதல்.

பரமேஸ் நடு அறையில் பாயை உதறிக்கொண்டிருந்தாள். முகத்தில் பத்து வயது குறைவு. சாதாரணமாகக் கேட்டேன்.

"இப்பிடியொரு குழு இருக்கிறண்டு உனக்கு ஆர் சொன்ன?"

"ஜனனிதான். நம்பரும் அவள்தான் தந்த. படமும் அவள்தான் எண்ட போனால எடுத்து அனுப்பின. எனக்கெங்க தெரியும் அந்த வேலையெல்லாம்."

வெளியே வந்து பார்த்தேன். ஜனனி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி, வாவிப் பக்கமாக இன்னும் இரண்டடி தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள்.