பால்குடத்தன்று சின்னம்மாவுக்கு வேர்த்தது

முத்துமாரி துணை

மஸ்கெலியா,
பங்குனி 22

அன்பு மகள் சர்மிளாவுக்கு அம்மா எழுதுவது. இதை எழுதும்போது வீட்டில் இருப்பவர்கள் நான், அப்பா, தம்பி நிரோஷன், கட்டிலில் உன் சின்னம்மா நாகலெட்சுமி. நாலு பேரும் ஆத்தா புண்ணியத்தில் சுகம். நாலாவது ஆளையும் சேர்த்து எண்ண முடிகிறதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். குவைத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன், தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி நம் தேயிலைத் தோட்டத்துக் கோவிலில் பால்குடம். ஆற்றிலிருந்து குடம் தூக்கி வந்த சின்னம்மா கோவில் படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை, தாடை இறுகிப் பேச்சில்லை. அருள் வந்துவிட்டது என்று எல்லோரும் கும்பிட்டோம். நான்தான் முதல் ஆளாக மஞ்சத்தண்ணீர் இரண்டு குடம் அவள் தலையில் ஊற்றி, எந்த ஆத்தா வந்திருக்கீங்க, என்ன கொறைன்னு சொல்லுங்க தாயே என்று கேட்டேன். திருநீறு பூச வந்த பூசாரி வீரய்யா அவள் கையைத் தொட்டதும் உடுக்கையை நிறுத்தச் சொன்னார். முப்பது வருசமா பாக்குறேன், அருள் வந்த ஒடம்பு முறுக்கி ஆடும், இவளுக்கு மூச்சு வாங்குது, கை தொவண்டு போச்சு, சாமி இல்ல, ஆட்டோவக் கூப்புடுங்கடா என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். நெஞ்சு வலிக்குதுன்னு அவ சொல்லவே இல்லையே என்றேன். டாக்டர் ஜெயதீபன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொறுமையாகச் சொன்னார், பொம்பிளையளுக்கு நெஞ்சுநோ பெரிசா இல்லாமலும் வரும் அம்மா, களைப்பு, மூச்சு வாங்கிறது, சத்தி எடுக்கிறது, குளிர்ந்த வேர்வை, முதுகு தோள் தாடை நோ, இதுகளையும் பாக்க வேணும் என்று. எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்டதால் தம்பி என் வீட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்து வந்தான். என்ன சாமான் எதற்குச் செலவானது என்று நான் எழுதுவது உனக்குத் தெரியுமே. மாசி 12, நாகுவுக்கு ஓமம், செமிக்கவில்லை. மாசி 19, முதுகுக்குத் தைலம், கொழுந்துக்கூடைப் பாரம். மாசி 26, மல்லித்தண்ணீர், மலை ஏறும்போது இரண்டு தரம் உட்கார்ந்தாள். இவ்வளவும் வடிவா எழுதி வச்சிருக்கிறியள், ஒருக்கா எங்களிட்டக் காட்டியிருக்கலாமே என்றார் டாக்டர்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அடைப்பை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவள் கேட்டது, மாரடைப்பு கெடக்கட்டும்க்கா, அந்தக் குளிர்ல ரெண்டு கொடம் ஊத்துனியே, அதுக்கே நான் போயிருக்கணும் என்று. சிரித்துக்கொண்டே அழுதேன். இப்போது உப்பில்லாத கஞ்சிக்கு என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

நேற்று கொப்பியைப் புரட்டினேன். மாசி 28இல் உன் பெயர் இருந்தது. சர்மி போன், மாடிப்படி ஏறினால் மூச்சு, இடது தோளும் தாடையும் வலி, பனடோல் மாத்திரை போட்டாளாம். அதற்குக் கீழே நானே எழுதியிருக்கிறேன், தைலம் அனுப்ப வேண்டும் என்று. தைலம் அனுப்ப மாட்டேன் மகளே. நீ வேலை செய்யும் வீட்டு மேடத்திடம் சொல்லி இந்தக் கிழமையே டாக்டரிடம் போ, கேஸ்டிக் என்று மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே, ஈசிஜி எடுக்கச் சொல். திடீரென்று வேர்த்து மூச்சு முட்டினால் வேலை முடியட்டும் என்று பார்க்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. முத்துமாரி உன் கூடவே இருப்பாள். விளக்கேற்றும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா மீனம்மா

கொப்பியில் உன் வரிக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் எழுது.