உரப்பை உறையும் ஒரு டியூப் களிம்பும்

1964 ஜூன் 3, புதன்
மாத்தளையிலிருந்து டாக்டர் என் தோட்டத்து மருந்தகத்துக்கு வந்து போனார். தோல் நோய்க்குப் புதுக் களிம்பு, மூன்றே டியூப். ஒன்றைப் பாப்பம்மாவுக்குக் கொடுத்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், உள்ளங்கை இரண்டும் வெடித்து ரத்தம் கசிகிறது. பூசும் விதத்தை மூன்று தடவை சொன்னேன். தலையை ஆட்டினாள். இந்தத் தோட்டத்தில் தலையாட்டலுக்குக் குறைவில்லை.

இன்னொரு டியூப் என் கணுக்கால் கரப்பானுக்கு. இரண்டு வருஷத் தொல்லை.

ஜூன் 11
அவள் கை அப்படியே இருக்கிறது. "காலையிலயும் மத்தியானமும் பூசுறேங்க ஐயா." எதைக் கழுவாமல் எதன்மேல் பூசுகிறாளோ. இவர்களுக்குச் சீமை மருந்து எதற்கு?

என் காலும் ஆறவில்லை. அது வேறு விஷயம். நான் குளித்து, தடவி, காலில் மேசும் அதன்மேல் சப்பாத்தும் போட்டு ஒழுங்காகத்தான் இருக்கிறேன்.

ஜூன் 15
அழகமுத்து கங்காணி அவளை இழுத்து வந்தான். "கொழுந்துல மருந்து வாடை அடிக்குதுன்னு ஃபேக்டரியில சத்தம் போடுறாங்க. பூசிக்கிட்டு மலைக்கு வரக் கூடாது. கையும் ஆறணும். இல்லாட்டி மாசக் கடைசியில பேரு வெட்டு."

தேயிலைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள், கைக்கு அல்ல. வாய்விட்டுச் சிரித்தேன்.

"பேரு போனா குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும் ஐயா. ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவேன்?" என்றாள்.

அதற்கு நான் என்ன செய்ய? சாயங்காலம் பூசு என்று அனுப்பிவிட்டேன். சிரித்திருக்க வேண்டாம்.

ஜூன் 18
இரவில் களிம்பு போர்த்தும் கம்பளியில் ஒட்டுகிறதாம். அதனால் உரப்பைக்குள் வரும் பொலித்தீன் உறையை வெட்டி, கையில் சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்குகிறாளாம். கை அவியட்டும். படிக்காதவர்களின் புத்தி வேறு எப்படி வேலை செய்யும்.

ஜூன் 29
பாப்பம்மா கையை விரித்துக் காட்டினாள். வெடிப்பு மூடிவிட்டது. நாலு நாளாக முழு நாள் கூலிக்கும் பறித்து முழுப் பேர் போடுகிறாளாம். எப்படி?

ஜூலை 1, புதன்
உறை கட்டிய கதையைக் கேட்டு, டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்றுப் புகாமல் மூடினால் தோல் ஊறி, மருந்தைப் பல மடங்கு உள்ளே வாங்குமாம். வெளிநாட்டில் இப்போதுதான் எழுதுகிறார்களாம். "யார் சொன்ன யோசனை?" என்று கேட்டார்.

நான் சொன்னதுதான் என்றேன். வாயில் எப்படி வந்தது அது? அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்!

"ஆமாங்க, ஐயாதான் சொன்னாரு" என்றாள் பாப்பம்மா.

யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் இந்த முறையை எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. எழுதவில்லை.

ஜூலை 4
கணுக்கால் எரிச்சல் பொறுக்காமல் அவளிடமே உரப்பை உறை கேட்டேன். கேட்டதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மாலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாலு தண்ணியில கழுவியிருக்கேன் ஐயா. படுக்கப் போறப்ப பூசிக் கட்டுங்க. காலையில பூசி மேசு போட்டா, மேசுக்குத்தான் மருந்து."

ஜூலை 19
கால் ஆறிவிட்டது. டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். யோசனை பாப்பம்மாவுடையது.