வயர் கழற்றிய வயர்லெஸ்

பாம்பன்

அன்பு காளீஸ்வரி,

நீயும் பிள்ளையும் சுகம்தானே? உன் இருமல் நின்றதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் சொன்னால் என் குரலைக் கேட்டே பயந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இமானுவேல் முதலாளியின் படகில் இரண்டு பேட்டரி. ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, மற்றது வயர்லெஸுக்கு. ஓடும்போது இன்ஜினே இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும். நேற்று மத்தியானம் வலை இழுக்க இன்ஜினை நிறுத்தினோம். மறுபடி கிளம்பவில்லை. ஸ்டார்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவே இல்லை. காற்றில்லாத கடலில் படகு இலங்கைப் பக்கம் இழுபட்டது. வயர்லெஸ் பேட்டரியைக் கழற்றி இன்ஜினில் மாட்டினேன். அப்போதுதான் அந்த வயர்லெஸ் பேசியது.

"தம்பி, கரைக்குப் போகலையா?"

போன வருஷம் கடலோடு போன முதலாளியுடைய அண்ணனின் குரலாம். முதலாளி மெதுவாக, "இந்தா போறேண்ணே" என்றார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

கரையில் பேட்டரியைப் பழையபடி மாட்டப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் கூத்தையா. வயரக் குடுத்தா அண்ணன் பேசமாட்டாக."

காலையிலிருந்து அந்தப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். கடலுக்குப் போவது அவரும் நானும் மட்டும்தான். மிளகாய்ப்பொடியும் பிள்ளையின் பழைய சட்டை ஒன்றும் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. படகிலிருந்து கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன்
கூத்தையா